நாவலூத்துக்குத் திரும்பிய துப்பாக்கிகள்

உலகத்து நாடுகளெல்லாம் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து, இனித் தனியார் எவரும் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று கைதூக்கித் தீர்மானித்த ஆண்டில், அக்கைகளில் ஒன்றையேனும் கண்டிராத நாவலூத்து மலையின்மேல், வேடியப்பனின் மனைவி தீர்த்தம்மாள் ஒரு விடியற்காலையில் அடுப்புச் சாம்பலை அள்ளி நிமிர்ந்தபோது, முந்தின நாள் தன் கையாலேயே சுமந்துசென்று ஒப்படைத்துவிட்டு வந்த நாட்டுத் துப்பாக்கி, கூரை விட்டத்தில் தொங்கிய இரண்டு கயிற்று வளையங்களுக்குள் வழக்கம்போல் படுத்திருக்கக் கண்டாள். அதன் குழல் நேராக இருந்தது. அதன் கட்டையில் கீறல் இல்லை. மலையடிவார மைதானத்தில், புகைப்படக்காரர்கள் சூழ்ந்து நிற்க, சாலை போடும் உருளை அதன்மீது ஏறி இறங்கி அதை அப்பளமாக நசுக்கியதை அவள் அருகில் நின்று பார்த்திருந்தாள். இப்போது அதிலிருந்து லேசாகத் தார்வாடை மட்டும் வீசியது. முறத்திலிருந்த சாம்பல் அவள் காலடியில் கொட்டியது.

முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த வேடியப்பன் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தான்.

"வந்துருச்சா," என்றான். வாய் கொப்பளிக்க மறுபடி வெளியே போய்விட்டான்.

துப்பாக்கி வந்தது ஒரு திகைப்பு என்றால், புருஷன் அதை மேய்ச்சலுக்குப் போன மாடு வீடு வந்ததைப்போல் எடுத்துக்கொண்டது அவளுக்கு அதைவிடப் பெரிய திகைப்பாயிற்று. அவன் அந்தத் துப்பாக்கியைத் தொட்டே வெகுகாலம் ஆகியிருந்தது. மரவள்ளிக் காட்டில் பன்றிக்குக் காவல் இருந்த ஒரு மங்கிய அதிகாலையில், உதவிக்குக் கிழங்கு பிடுங்க வந்து குனிந்திருந்த முதுகைப் பன்றியின் முதுகென்று எண்ணி அவன் சுட்டான். அந்த முதுகு தீர்த்தம்மாளின் தம்பி முனிரத்தினத்தினுடையது. மலைக்குக் கீழே ஒருவருக்கும் சொல்லாமல் ஊரே கூடி அவனைப் புதைத்து மண் போட்டது. அன்றிலிருந்து வேடியப்பன் பேச்சைக் குறைத்தான். மகள் கோகிலா அப்பனோடு பேச்சையே நிறுத்தினாள்.

அந்தக் கோகிலா திருப்பூரில் பனியன் கம்பெனித் தையல்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய், இப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது மலையிலும் வழக்கம், கீழேயும் வழக்கம். ஆனால் அவள் போனில் ஒரே ஒரு சொல்தான் சொல்லியிருந்தாள்: "எம் மாமனைக் கொன்னது தொங்குற வீட்ல நான் புள்ள பெத்துக்க மாட்டேம்மா. அது போனா வரேன். போவலைன்னா இங்கயே ஆஸ்பத்திரியில அநாதையாட்டம் பெத்துக்கறேன்."

அந்தத் துப்பாக்கியை வீட்டைவிட்டு அகற்றும்படி தீர்த்தம்மாள் புருஷனைக் கேட்டிருந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஊர்க்கவுண்டரைக் கேட்டிருந்தாள், பரம்பரைத் துப்பாக்கியைப் பொம்பளை பேச்சைக் கேட்டு எறிய முடியாது என்றார். போலீசார் இடையிடையே தண்டோரா போட்டு, உரிமம் இல்லாதவற்றைப் பேருந்து நிழற்குடையில் வைத்துவிட்டுப் போனால் கேள்வி கேட்கமாட்டோம் என்பார்கள்; அப்போதெல்லாம் ஊரார் உடைந்த குழலையும் உளுத்த கட்டையையும் கொண்டுபோய் வைத்துவிட்டு, நல்லதை விட்டத்திலேயே விட்டுவிடுவார்கள். ஆகவே, உலகமே ஒன்றுகூடி ஆணையிட்டிருக்கிறது என்று ரேடியோ சொன்னபோது, அவளுக்கு அது தன்பொருட்டே இடப்பட்ட ஆணையாகத் தோன்றியது. புருஷனும் ஊரும் கேளாதது, போலீசுக்கும் அஞ்சாதது, உலகம் சொன்னால் நடக்காதா?

உலகத்தின் சார்பில் அவ்வூருக்கு வந்து சேர்ந்தவர் எரிக் என்னும் நெடிய மனிதர். பனி பெய்யும் நாட்டுக்காரர். வெயில் பட்டதும் தக்காளியாகச் சிவந்துபோனார். அந்த ஆணையிட்ட உலகப் பேரவையின் ஆள் என்பதால் ஊரார் அவரைப் பேரவைக்காரர் என்று அழைத்தனர். அவர் பேச்சைத் தமிழாக்க நாகர்கோவில் பக்கத்து அருளப்பன் என்பவர் உடன் வந்திருந்தார். ரேஷன் கடை வாசலில் கூடிய கூட்டத்தில், தனியார் துப்பாக்கிகள் இல்லாத உலகத்தின் முதல் முன்மாதிரி மலையாக நாவலூத்து தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று அவர் அறிவித்தார்.

ஊர்க்கவுண்டர் குப்பன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார். "தனியார்னா யாருங்க தம்பி?"

"அரசாங்கம் அல்லாத எல்லாரும் ஐயா," என்றார் அருளப்பன்.

"அரசாங்கம்னா?"

அருளப்பன் சற்றே தயங்கி, இடுப்பில் கைத்துப்பாக்கியோடு ஜீப்பில் சாய்ந்திருந்த காவலரைக் காட்டினார்.

"அவரா? அவரு நம்ம சித்தேரி மருமவனாச்சே. போன மாசங்கூட எங்க ஊட்ல களி தின்னுட்டுப் போனாரு," என்றார் குப்பன். கூட்டம் சிரித்தது. காவலரும் சிரித்துவிட்டு, பிறகு சிரித்திருக்கக் கூடாதென்று நினைத்தவர்போல் மீசையைத் தடவிக்கொண்டார்.

"பெரிய பெரிய நாட்டுக்காரனெல்லாம் குடுத்துட்டானுங்களா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

அருளப்பன் அதைப் பேரவைக்காரரிடம் கேட்டுவந்து சொன்னார்: "எல்லாரும் கைதூக்கிவிட்டார்கள் அம்மா. ஆனால் 'அவரவர் நாட்டு மரபுக்கு உட்பட்டு' என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் அங்கே கொஞ்சம் தாமதம் ஆகும்."

"நமக்கும் மரபு இருக்குதே. அந்த வரிய நமக்கும் ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

"அந்த வரி பேரவையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மட்டும்."

இதைக் கேட்டு ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வழக்கம்போல் உடைந்த குழல்களைத் தேடியெடுக்கலாம் என்ற எண்ணத்தோடு கலையத் தொடங்கிய நேரத்தில்தான், தீர்த்தம்மாள் தன் வீட்டு நல்ல துப்பாக்கியை, எண்ணெய் மினுமினுக்கும் குழலோடு, கைக்குழந்தையைப்போல் இரு கைகளிலும் ஏந்தி வந்து பேரவைக்காரரின் காலடியில் வைத்தாள். வேடியப்பன் தடுக்கவில்லை. ஒரு பெண் நல்லதைக் கொடுத்துவிட்ட பிறகு ஆண்கள் உடைந்ததைக் கொடுப்பது கேவலமாகிவிட்டது. மாலைக்குள் மலையின் துப்பாக்கிகள் யாவும் லாரியில் ஏறின. அன்றுதான் உருளை அவற்றின்மேல் ஏறியது; மறுநாள் விடியலில்தான் அவை யாவும் அவரவர் விட்டத்துக்குத் திரும்பியிருந்தன.

திரும்பி வந்த முதல் நாள் நாவலூத்தில் எவரும் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வீடு எட்டிப்பார்த்து, நம்முடையது வந்துவிட்டது, உங்களுடையது வந்ததா என்று கேட்டபடி வியந்து திரிந்தார்கள். உச்சிவேளைக்குள் திகைப்புத் தணிந்து வாதம் தொடங்கியது: யார் வீட்டுத் துப்பாக்கி முதலில் வந்தது என்று மேல்வளவுக் குடியிருப்பும் கீழ்வளவுக் குடியிருப்பும் மல்லுக்கு நின்றன. மாலையில், வெள்ளையடித்த சுவரெல்லாம் தார்க்கறை ஆகிவிட்டது என்று பெண்கள் குறைப்பட்டார்கள்.

பேரவைக்காரர் மலையேறி வந்து, ஒவ்வொரு வீட்டிலும் அண்ணாந்து பார்த்து, ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் முறை அவற்றை இரும்பு உருக்கும் ஆலைக்கு அனுப்பினார். கொதிக்கும் உலையில் அவை குழம்பானதை நேரில் பார்த்துவிட்டு வந்தார். அவை வெதுவெதுப்பாகத் திரும்பி வந்தன. மார்கழிக் குளிராக இருந்தமையால் ஊரார் அவற்றின்கீழ்ப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை கப்பலேற்றி, தரையே தெரியாத ஆழத்தில் கொட்டச் செய்தார். அவை வருவதற்கு இம்முறை நாளாயிற்று; ஈரமும் உப்புமாக வந்தன; குப்பன் வீட்டுத் துப்பாக்கியின் குழலுக்குள் ஒரு சிறு நண்டு உயிரோடு இருந்தது. கடலைக் கண்டிராத அம்மலையினர் அந்த நண்டைக் குண்டானில் விட்டு, வரிசையில் வந்து பார்த்துச் சென்றார்கள். கட்டையில் பூத்த உப்பைச் சுரண்டி ரசத்தில் போட்டுப் பார்த்தவர்கள், கடை உப்புக்கு இது எவ்வளவோ மேல் என்றார்கள்.

இவ்வாறு, உலகத்தில் எங்கும் நடவாத ஒன்று நாவலூத்தில் நடந்து, நடந்து, பழகிப்போய், மழை வருவதையும் ரேஷன் கடை பூட்டியிருப்பதையும் போன்ற அன்றாடச் செய்திகளுள் ஒன்றாயிற்று. அடுத்த லாரி எப்போது வரும் என்று கேட்டறிந்து, கீழ்வளவு மணியன் பேரவைக்காரரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தான்.

"அடுத்த வாட்டி எங்க ஊட்டுதத் திருப்பூர் வழியா அனுப்புங்க சாமி. எம் பையன் அங்கதான் இருக்கான். போன் எடுக்கமாட்டேங்கறான். வர்ற வழியில அது ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரும்."

அருளப்பன் இதை மொழிபெயர்க்கவில்லை. பேரவைக்காரர் என்னவென்று கேட்டதற்கு, "உங்கள் உடல்நலத்தை விசாரிக்கிறார்," என்றார்.

பேரவையிலிருந்து வந்த பதில்களே பேரவைக்காரரைப் பெரிதும் அதிர வைத்தன. அழித்த துப்பாக்கி திரும்பி வருவதைப் பற்றித் தீர்மானத்தில் சொல் ஏதும் இல்லையாகையால், திரும்பி வருவது பழைய துப்பாக்கியா புதிய துப்பாக்கியா என்பதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. பழையது என்றால் பேரவை தோற்றதாகும். ஆகவே அது புதியதே என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது. ஒவ்வொரு முறை அழிப்பதும் தனித்தனி அழிப்பாகக் கணக்காயிற்று. நாவலூத்து என்ற சின்னஞ்சிறு மலை, அங்குள்ள மனிதர்களைவிடப் பல மடங்கு துப்பாக்கிகளை ஒழித்துவிட்டது என்று உலகமெங்கும் செய்தி பரவியது. பெரிய நாடுகள் பாராட்டுச் செய்தி அனுப்பின. அங்கெல்லாம் துப்பாக்கிகள் திரும்பி வரவில்லை. அவை வீட்டைவிட்டுப் போகவே இல்லை.

தீர்த்தம்மாளுக்கு மட்டும் இது எதுவும் பழகவில்லை. ஒவ்வொரு விடியலிலும் கண்விழித்ததும் அவள் முதலில் விட்டத்தைத்தான் பார்ப்பாள். கோகிலாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போனில் கேட்டாள்:

"போயிருச்சாம்மா?"

"இல்ல கண்ணு. கடல்ல போட்டாங்களாம். வந்துருச்சு."

"அப்ப உங்க உலகத்தால ஒண்ணும் ஆவாது. வெச்சிரு போனை."

கடைசியில் தீர்த்தம்மாள் நேரே பேரவைக்காரரிடம் போய் நின்றாள். அவர் முகச்சவரம் செய்யாமல், ரேஷன் கடைத் திட்டில் கால்நீட்டி அமர்ந்திருந்தார். "உங்க பேரவையால முடியுமா முடியாதா, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க தம்பி," என்றாள் அருளப்பனிடம்.

பேரவைக்காரர் அவளைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். அருளப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எடுத்துக்கொண்டு போக முடியும் என்கிறார். திரும்பி வராமலிருக்கச் செய்ய முடியாது என்கிறார். அது ஏன் வருகிறது என்று உங்களைத்தான் கேட்கிறார்."

அருகில் இருந்த ஊர்க்கவுண்டர் சிரித்தார். "இதுக்கு எதுக்குங்க ஆராய்ச்சி? பங்கு இருக்கற ஊட்டுக்கு வராம அது வேற எங்க போவும்?"

அம்மலையில் துப்பாக்கியும் ஒரு பங்காளி. முற்காலத்தில் பன்றி விழுந்தால் சுட்டவனுக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு, துப்பாக்கிக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். வேட்டை குறைந்துபோன பிறகும், அன்றன்றைக்கு வடித்த சாமைச் சோற்றில் ஒரு கவளத்தைத் தேக்கிலையில் வைத்து விட்டத்தின்கீழ் வைப்பது நிற்கவில்லை. எறும்பும் கோழியும் தின்னும், மனிதர் எவரும் தொடார். இதைக் கேட்டறிந்த பேரவைக்காரர் துள்ளியெழுந்து, அப்படியானால் இன்றே எல்லாரும் பங்கு வைப்பதை நிறுத்திவிடுங்கள் என்றார். அன்றைக்கு நடந்த கூட்டத்தில் அவர் முகத்தில் இருந்த ஒளி, கூட்டம் முடியும்போது இல்லை.

"நான் வெக்கறது துப்பாக்கிக்கு இல்லீங்க, அதைச் செஞ்ச எங்கப்பனுக்கு," என்றான் மணியன். "அப்பனைப் பட்டினி போடச் சொல்றீங்களா?"

"கீழ்வளவு மொதல்ல நிறுத்தட்டும். அப்புறம் நாங்க நிறுத்தறோம்," என்றது மேல்வளவு.

"ஆமா, நாங்க நிறுத்துவோம், நீங்க மேல இருந்து கல்லு உருட்டுவீங்க," என்றது கீழ்வளவு.

குப்பன் கையமர்த்தினார். "எல்லாரும் ஒண்ணா நிறுத்தணும். சரி. ஐயாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க தம்பி. அந்தப் போலீசுக்காரர் இடுப்புல இருக்குதே, அதுக்கு யாரு சோறு வெக்கறாங்க? அவங்க எப்ப நிறுத்துவாங்க?"

காவலர் வேறுபக்கம் பார்த்தார். கூட்டம் கலைந்தபோது குப்பன் தீர்த்தம்மாளின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உலகத்தைப் போயி ஏம்மா கேக்கற? உந் தம்பி பங்கை நீ இன்னும் முடிக்கல. அதான் உன்னுது வருது."

அது உண்மை. வாரிசில்லாமல் ஒருவன் இறந்தால் அவன் கடைசிப் பங்கை உடன்பிறந்தவள் உண்டு முடித்துவிட வேண்டும் என்பது அங்கத்திய முறை. உண்டுவிட்டால் அவன் கணக்கு இவ்வுலகில் தீர்ந்தது. இனி அவனுக்குப் பங்கில்லை. முனிரத்தினம் மணமாகாதவன். ஆனால் தீர்த்தம்மாள் அந்தப் பங்கை உண்ணவில்லை. அவனைக் கடைசியாகத் தீண்டியது அந்தத் துப்பாக்கிதான் என்பதால், அவன் பங்கையும் துப்பாக்கியின் பங்கையும் ஒரே இலையில் வைத்து நாள்தோறும் அதன்கீழ் வைத்துவந்தாள். மகளுக்காக அதை விரட்டுகிறவளும் அவளே, தம்பிக்காக அதற்குச் சோறிடுகிறவளும் அவளே. இத்தனை காலமும் இவ்விரண்டையும் செய்துகொண்டிருந்த தன் கைகளை அவள் அன்றைக்கு முதன்முதலாகப் பார்ப்பவளைப்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் அவள் இலை போடவில்லை. அதற்கடுத்த நாளும் போடவில்லை. லாரி வந்து எடுத்துச் சென்றது. துப்பாக்கி வழக்கம்போல் திரும்பி வந்தது. அதன் கீழே, அவள் வைக்காத ஓர் இலை, அதன்மேல் அவள் உருட்டாத ஒரு கவளம். வாசற்படியில் வேடியப்பன் குந்தியிருந்தான்.

"நீயா வெச்ச?"

"நீ வெக்கல. நான் வெச்சேன்."

"ஏன் கோகிலாப்பா?"

அவன் தரையைக் கீறிக்கொண்டே இருந்தான். "சுட்டதும் நானு, பட்டினி போடறதும் நானுன்னா, எப்பிடி புள்ள?"

தீர்த்தம்மாள் சுவரில் சாய்ந்துவிட்டாள். இத்தனை ஆண்டுகளில் 'சுட்டது நான்' என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததில்லை. ஊரும் அதைச் சொல்லியதில்லை. 'அந்தக் காலையில் நடந்தது' என்றே எல்லாரும் சொல்வார்கள். இவ்வீட்டில் அவள் நிறுத்தினால் அவன் வைப்பான், அவன் நிறுத்தினால் அவளால் தாங்க முடியாது. வைப்பதை நிறுத்த வழியில்லை. ஆகவே முடிப்பதுதான் வழி. ஆனால் அந்த இலையில் இருப்பது தம்பியின் பங்கு மட்டுமல்லவே. துப்பாக்கியின் பங்கும் அதோடு கலந்திருக்கிறது. அதை இன்றுவரை மனிதர் எவரும் தின்றதில்லை.

அடுத்த லாரி வந்து துப்பாக்கிகளை ஏற்றிக்கொண்டு வளைவில் மறைந்ததும், தீர்த்தம்மாள் குளித்து, ஈரச்சேலையோடு சாமை வடித்து, ஒரு கவளம் உருட்டித் தேக்கிலையில் வைத்து, வெறும் வளையங்களுக்குக் கீழே சம்மணமிட்டு அமர்ந்தாள். வேடியப்பன் கதவருகில் நின்றான், தடுக்கவில்லை, போகவுமில்லை. முதல் வாய் சாமையாகவே இருந்தது. அடுத்த வாயில் துப்பாக்கிக் கருமருந்தின் காரம் நாக்கைச் சுட்டது. அதற்கடுத்த வாயில் பால்ரஸ் இரும்புக் குண்டுகளைப்போல் ஏதோ பற்களில் நறநறத்தது. அவள் துப்பாமல் விழுங்கினாள். கடைசிப் பருக்கையை விரலால் ஒற்றி எடுத்தபோது, மரவள்ளிக் காட்டு ஈரமண்ணின் மணம் வாய்முழுக்க நிறைந்து, "அக்கா, எனக்கு" என்று சிறுவயதில் அவள் தட்டிலிருந்து பிடுங்கித் தின்பவனின் முகம் ஒருமுறை வந்து, போய்விட்டது. இலையை மடித்து அடுப்பில் இட்டாள்.

நாள்கள் கழிந்தன. ஒரு விடியலில், வீட்டுக்கு வீடு துப்பாக்கிகள் திரும்பிவிட்ட சலசலப்புக் கேட்டது. தீர்த்தம்மாள் கண்ணைத் திறந்தாள். விட்டத்தில் வளையங்கள் வெறுமையாக இருந்தன. அவள் எழுந்து, மூலைமுடுக்கெல்லாம் பார்த்து, பரணைப் பார்த்து, வெளியே கூரைமேல் பார்த்து, எங்கும் இல்லை என்று அறிந்ததும், பொங்கிவந்த மகிழ்ச்சியோடு புருஷனைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

வெடித்தது.

மலையின் அடிவாரம் வரைக்கும் அவ்வோசை உருண்டு சென்றது. கோழிகள் சிதறின. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. யார் சுட்டது, யார் சுட்டது என்று ஊரே முற்றத்தில் கூடிவிட்டது. அவரவர் வீட்டில் குழலைத் தொட்டுப் பார்த்தார்கள், எல்லாம் குளிர்ந்திருந்தன. வீட்டுக்குள், வேடியப்பன் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் உதடுகளுக்கிடையிலிருந்து நூலிழைபோல் புகை மேலெழுந்தது. அவள் கண்கள் அவனைக் கேட்டன. அவன் தன் துண்டை எடுத்து அவள் வாயை மெல்ல மூடிவிட்டு வாசலுக்கு வந்தான்.

"பன்னிக்கு வெடி வெச்சேன்," என்றான் ஊராரிடம். "கை தவறி இங்கயே வெடிச்சிருச்சு. போங்க, போயி வேலையப் பாருங்க."

பிறகு அவன், வெகுகாலத்துக்குப் பின், மகளுக்குப் போன் செய்தான்.

"அப்பா பேசறேன். அது போயிருச்சு. வா."

"அம்மாகிட்டக் குடுங்க."

"அம்மாவுக்குத் தொண்டை சரியில்ல. நீ வா கண்ணு."

கோகிலா ஜீப்பில் வந்து இறங்கினாள். உள்ளே வந்ததும் அவள் பார்த்தது தாயை அல்ல, விட்டத்தை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு, முக்காலி மேல் ஏறாதே என்று அப்பன் சொல்லச் சொல்ல ஏறி, அந்த வளையங்களை அவிழ்த்து வெந்நீர் அடுப்பில் போட்டாள். அதன்பிறகே தாயின் தோளில் முகம் புதைத்து அழுதாள். தீர்த்தம்மாள் உதடுகளை இறுகப் பூட்டிக்கொண்டு அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள், வாயைத் திறக்கவில்லை. தம்பிக்காக அவள் வாய்க்கட்டு விரதம் இருக்கிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பிரசவத்தின்போது மகள் அலறினாள். தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து ஊமையாக நின்றாள். பெண்குழந்தை பிறந்தது.

இதற்கிடையே பேரவையிலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள். நாவலூத்தின் அழிப்பு எண்ணிக்கை இம்முறை ஒன்று குறைந்திருக்கிறதே, திட்டத்தில் தொய்வா, அதிகாரியின் கவனக்குறைவா என்று. உண்மையிலேயே ஒழிந்துபோன ஒரே துப்பாக்கி கணக்கில் தோல்வியாக எழுதப்பட்டதைக் கண்டு பேரவைக்காரர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், அருளப்பன் தண்ணீர் கொடுத்து அமர்த்த வேண்டியதாயிற்று. பிறகு அவர் தீவிரமானார். ஒரு வீட்டில் முடிந்தது எல்லா வீட்டிலும் முடியும். அந்த அம்மா என்ன செய்தாள் என்று அறிந்துகொண்டால், அதையே உலகம் முழுவதற்கும் விதியாக்கிவிடலாம். பேர் வைக்கிற நாளன்று அவர் அருளப்பனோடு வேடியப்பன் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்.

முற்றம் நிறைந்திருந்தது. குழந்தையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டியவன் தாய்மாமன். கோகிலாவுக்கு உடன்பிறந்தான் இல்லை. அவளுடைய மாமன் மண்ணுக்குள் இருந்தான். கோகிலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயின் முன் வந்து நின்றாள்.

"மாமனுக்குப் பதிலா நீதாம்மா சொல்லணும். விரதத்தை இன்னிக்கு முடிச்சுக்க. சொல்லு."

தீர்த்தம்மாள் தலையை ஆட்டி, ஓரடி பின்வாங்கினாள்.

"ஒரு பேரு சொல்லக்கூடவா வாய் வராது உனக்கு? அதுதான் போயிருச்சே, இன்னும் என்ன?" கோகிலா குழந்தையின் காதைத் தாயின் வாயருகே கொண்டுபோனாள்.

தீர்த்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். அந்த நேரத்தில் வேடியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் கைநீட்டினான்.

"வேணாம் கண்ணு. கிட்டக் கொண்டுபோவாத. அது எங்கயும் போவல. உங்க மாமன் பங்கையும் அதும் பங்கையும் சேர்த்து உங்கம்மா தின்னுட்டா. வாயைத் தொறந்து குரல் குடுத்தா வெடிக்குது. அன்னிக்குக் காலையில கேட்டீங்களே எல்லாரும், அது நான் வெச்ச வெடி இல்ல."

ஊர்க்கவுண்டரின் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அவர் அதை எடுத்துக் கட்டவில்லை. கோகிலா தாயைப் பார்த்தாள். மூடிய உதடுகளைப் பார்த்தாள். உதட்டோரத்தில் வெந்த தழும்பை இப்போதுதான் பார்த்தாள். குழந்தையை மெல்லத் தன் மார்புக்கு இழுத்துக்கொண்டாள்.

பேரவைக்காரர் அருளப்பனின் தோளைத் தட்டி, என்ன சொல்கிறார், எப்படிச் செய்தார்களாம் என்று ஆவலோடு கேட்டார். அருளப்பன் அந்த முற்றத்தை ஒருமுறை பார்த்தார்.

"குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள்," என்று மட்டும் அவர் மொழியில் சொன்னார்.

"பேரை நான் சொல்றேன்," என்றான் வேடியப்பன். "நான் சொல்லலாம்னா."

கோகிலா அவனை ஏறிட்டாள். பிரசவமான இத்தனை நாளில் அவன் குழந்தையின் அருகே வந்ததில்லை. அவள் வரச்சொன்னதும் இல்லை. அந்தக் கைகளை, விசையை இழுத்த அந்த விரலை அவள் பார்த்தாள். பின்பு குழந்தையை அவன்பால் நீட்டினாள். வேடியப்பன் குனிந்து, அதன் காதருகே வாயை வைத்து, அந்தக் காலைக்குப் பிறகு தன் நாவால் உச்சரிக்கவே இல்லாத பெயரை, பெண்பிள்ளைக்கு ஏற்றவாறு நீட்டிச் சொன்னான்.

"முனிரத்தினம்மா."

குழந்தை திடுக்கிடவில்லை, கண்ணை மூடி, அவன் விரலைப் பற்றிக்கொண்டது. அழுகைக்கும் ஓசை உண்டு என்பதால், தீர்த்தம்மாள் இரு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள்.